ஸெரீன்: தெளிவே அமைதி

தம்ம நூல்களை ஆங்கிலத்திற் பயிலும் நம் இளைஞர்கள் அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் 'ஸெரீன்' என்பது ஒன்று. 'அமைதியான' என்று அதற்குப் பொருள் கூறி அவர்கள் கடந்துவிடுகின்றனர். அப்பொருள் பிழையன்று, ஆயினும் முழுமையன்று. ஆகவே இதனைச் சிறிது ஆராய்வோம்.

இச்சொல் லத்தீன் மொழியின் 'ஸெரேனுஸ்' என்பதினின்று வந்தது. முகிலின்றித் தெளிந்த வானத்தை அது குறித்தது. அவ்வழியே நீருக்கும், முகத்துக்கும், மனத்துக்கும் வழங்கலாயிற்று. எனவே இதன் உயிர் அசையாமையில் இல்லை, தெளிவில் உள்ளது.

இனச்சொற்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 'ஸ்டில்' என்பது அசைவின்மை. 'கொயட்' என்பது ஓசையின்மை. 'காம்' என்பது கொந்தளிப்பின்மை. 'பிளாசிட்' என்பது எளிதிற் கலங்காத இயல்பு. சிலவிடத்து மந்தம் என்னும் சாயலும் அதற்குண்டு. 'காம்' வினையாகவும் வரும்; 'அடங்கு' என்று பிறரை ஏவ அது உதவும். 'ஸெரீன்' இன்றைய வழக்கில் அவ்வாறு வருவதில்லை. ஒருவனை அடங்கச் செய்யலாம். தெளிந்திரு என்று ஆணையிட்டுத் தெளிவிக்க இயலுமோ? தறியோசை காதடைக்கும் ஆலையிலும் தெளிந்த மனத்தினரை நாம் கண்டிருக்கிறோம். அவர் நின்ற இடம் 'கொயட்' அன்று. அவர் உள்ளம் 'ஸெரீன்'.

மொனாக்கோ நாட்டு இளவரசருக்கு இச்சொல் இன்றும் பட்டமாய் வழங்குகிறது. அது பிறப்பினால் வருவது. பகவன் புத்தரோ பிறப்பினால் ஒருவன் உயர்ந்தோனாவதில்லை என்றார். அவர் காட்டிய தெளிவு முயன்றார் யாவர்க்கும் உரியது.

பாலி மொழியில் 'பசாத' என்னும் சொல் தெளிவையும் நம்பிக்கையையும் ஒருங்கே குறிக்கும். தம்மபதத்தின் 82ஆம் செய்யுள் தம்மம் கேட்ட அறிஞரை ஆழ்ந்து தெளிந்த ஏரிக்கு ஒப்பிடுகிறது. சங்காரவ சூத்திரம் மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளை ஐந்து நீர்க்கலங்களால் விளக்குகிறது. சாயங் கலந்த நீர் காமத்துக்கும், கொதிக்கும் நீர் பகைமைக்கும், பாசி மூடிய நீர் சோம்பலுக்கும், காற்றலைத்த நீர் பரபரப்புக்கும், இருளில் வைத்த சேற்றுநீர் ஐயத்துக்கும் உவமையாகும். பாசி மூடிய நீர் அசையாது கிடக்கிறது. ஆயினும் அதில் முகம் தெரியாது. அசையாமை வேறு, தெளிவு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வேறுபாடு நமக்கு வெறும் இலக்கணமன்று. இழிவைப் பொறுத்து வாய்மூடிக் கிடந்த நம் முன்னோரை 'சாந்தமான மக்கள்' என்று புகழ்ந்தோர் உண்டு. அச்சத்தால் வந்த அம்மௌனம் பாசி மூடிய நீரே. 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்துக்கு மக்களோடு நடந்து சென்று நீரருந்தினார். பின்னர் மக்கள் தாக்கப்பட்டனர். ஆயினும் அவர் சொற்கேட்டுப் பழிக்குப்பழி வாங்காதிருந்தனர். அவர்களுக்குச் சினமே எழவில்லை என்று நாம் சொல்லோம். சினம் அறிவை மூட அவர்கள் விடவில்லை. நடந்த கால்களோடும் தெளிவு கூடியிருக்கும் என்பதை அந்நாள் காட்டிற்று.

நம் தாய்மார் கலங்கல் நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைப்பர். மண்டி அடியிற் படிய, நீர் மேலே தெளியும். துயருற்றாரைத் 'தேற்றுதல்' என்பதும் அச்சொல்லோடு உறவுடையதே. மனக்கலத்துக்குத் தேற்றாங்கொட்டை தம்மம் கேட்டலும், தன் மூச்சையும் நினைவையும் நாள்தோறும் கவனித்தலுமாம்.

மாணவர்களே, வானம், ஏரி, முகம், மனம் என்னும் நான்குக்கும் இச்சொல்லை அமைத்து வாக்கியம் எழுதிப் பழகுங்கள். ஒரு மனிதருக்கு எழுதுமுன், 'இவர் அடங்கினவரா, தெளிந்தவரா?' என்று வினவுங்கள். தெளிந்தவராயின் 'ஸெரீன்' என்று தயங்காது எழுதலாம்.