சிவப்பு விளக்கு எரிந்தால்

அதிகாலை நேரம். போடிநாயக்கனூரிலிருந்து ஒரு ஜீப் புறப்பட்டது. பூப்பாறைப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போகிறது. ஜீப் நிறையத் தொழிலாளர்கள்.

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவில் திரும்பும்போதெல்லாம் ஓட்டுநரின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. அதில் எண்ணெய்க் குடுவை போன்ற படம் இருந்தது.

"அது என்ன விளக்கு தம்பி?" என்று முன்னால் இருந்த அக்கா கேட்டார்.

"ஆயில் விளக்கு அக்கா. வளைவு தாண்டினால் அணைந்துவிடும். ஒன்றும் இல்லை."

"ஒன்றும் இல்லை என்றால் ஏன் எரிகிறது?"

ஓட்டுநரிடம் பதில் இல்லை. அகலமான இடம் பார்த்து ஜீப்பை நிறுத்தினார். நல்ல காரியம் செய்தார். ஏன் தெரியுமா?

ஆயில் பிரஷர் என்றால் என்ன?

நம் உடம்பில் இதயம் ரத்தத்தை எல்லா இடத்துக்கும் தள்ளுகிறது. அதேபோல் என்ஜினில் ஒரு பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. உராயும் பாகங்களுக்கு நடுவே ஆயில் மெல்லிய படலமாக நிற்கிறது. அந்த ஆயிலின் அழுத்தம்தான் ஆயில் பிரஷர்.

பிரஷர் இறங்கினால் இரும்போடு இரும்பு உராயும். பேரிங் உருகும். சிறிது நேரத்தில் என்ஜின் ஜாம் ஆகிவிடும். மலைப்பாதையில் இது உயிருக்கே ஆபத்து.

அடியில் உள்ள சட்டியில் ஆயில் குறைந்தால், ஏற்றத்திலும் வளைவிலும் அது ஒரு பக்கம் ஒதுங்கும். பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அதனால்தான் வளைவில் விளக்கு மினுக்கியது.

முதலில் என்ன செய்வது?

1. பாதுகாப்பான இடத்தில் உடனே ஓரம் கட்டுங்கள். வண்டி நின்ற பிறகே என்ஜினை அணையுங்கள். ஓடும் வண்டியில் என்ஜின் அணைந்தால் பிரேக்கை மிதிப்பது கடினமாகலாம்.

2. கைப்பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

3. பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சமமான இடத்தில் பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

அந்த ஜீப்பில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. ஓட்டுநர் தன்னிடம் இருந்த ஆயிலை ஊற்றினார். என்ஜினை ஓடவிட்டதும் விளக்கு அணைந்தது. மெதுவாகப் பூப்பாறை போய்ச் சேர்ந்தார்.

மெக்கானிக் சொன்னது

மெக்கானிக் ஜீப்பின் அடியில் பார்த்தார். ஆயில் பில்டர் ஓரமாகக் கசிவு இருந்தது. அதைச் சரிசெய்தார்.

"ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் என்ன அண்ணே?" என்று ஓட்டுநர் கேட்டார். "சென்சார் கோளாறு என்று சொல்கிறார்களே?"

"இருக்கலாம் தம்பி. ஆனால் அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டினால், சென்சாரோ ஒயரோ கெட்டிருக்கிறது. மீட்டரும் குறைவாகக் காட்டினால், கோளாறு என்ஜினில்தான்."

பல வண்டிகளில், சூடான என்ஜின் நின்றபடி ஓடும்போது பிரஷர் 10 பவுண்டுக்கு மேல் இருக்கும். வேகமாக ஓடும்போது 30 முதல் 60 பவுண்டு வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் படித்துப் பாருங்கள்.

பிரஷர் குறையக் காரணங்கள்

ஆயில் பழையதாகி நீர்த்துப் போவது. ஆயிலில் டீசல் கலப்பது. உறிஞ்சும் இடத்தில் உள்ள வலை அடைபடுவது. பம்பு தேய்வது. பேரிங் தேய்வது. ஆயில் பால் கலந்த தேநீர் போல இருந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பிரஷர் கூடினால்?

மலையில் குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும். அப்போது மீட்டர் முள் ஏறி நிற்கும். என்ஜின் சூடானதும் இறங்கிவிடும். இது இயல்பு. சூடான பிறகும் இறங்காவிட்டால் கோளாறு. தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கலாம். அல்லது பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்கியிருக்கலாம்.

இப்போது அந்த ஓட்டுநர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஆயில் மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் அதில் எழுதுகிறார். தினமும் புறப்படும் முன் குச்சியை எடுத்துப் பார்க்கிறார். அக்கா அவரிடம் சொன்னார்: "எங்கள் உயிர் உன் கையில் இருக்கிறது தம்பி. கேட்டதும் வண்டியை நிறுத்தினாயே, அது போதும்."

நினைவில் வையுங்கள்

சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் சில நொடிகளில் அணைய வேண்டும். முதலில் எரியாவிட்டால் விளக்கோ ஒயரோ கெட்டிருக்கலாம். பிறகு அணையாவிட்டால் என்ஜினை உடனே அணையுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. வளைவில் மட்டும் விளக்கு மினுக்கியது ஏன்?
2. சென்சார் கோளாறா, என்ஜின் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
3. உங்கள் ஊர் ஜீப்பில் ஆயில் விளக்கு எரிந்தால் ஓட்டுநரிடம் என்ன சொல்வீர்கள்?