சேமப் பெட்டியும் சோதனைப் பதிப்பும்

யூபிலி மலர்க் குழுவினர் எம்மிடம் பாடக் கட்டுரை ஒன்று கேட்டபோது, நன்னூலிலிருந்தோ கம்பனிலிருந்தோ ஏதேனும் வருமென்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியரிடம் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயின், இம்மலரில் நீங்கள் காணும் பழைய புகைப்படங்களுட் பல, கடந்த இரண்டாண்டுகளாக எம் வீட்டு நூலலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சிறு பெட்டியினுள்ளே இருந்தவை. அவற்றை எம் அவசரத்தால் இழக்கும் நிலைக்கு வந்து மீண்டோம். அவ்வாறிருக்க, அதனை மறைத்து அணியிலக்கணம் எழுதுவது முறையன்று எனத் துணிந்தோம். கணினி பயிலும் மாணவர்க்கு ஈண்டுக் கூறப்படுவனவற்றுட் சில பழையவாகலாம். மூத்த பழைய மாணவர்க்குப் பல புதியவாகலாம். இரு சாராரும் பொறுத்தருள்க.

பெட்டி யாதெனில், வலையமைப்புச் சேமிப்பகம் என்பர். அதுவும் ஒரு கணினியே. திரையும் விசைப்பலகையும் மாத்திரம் இல்லை. உள்ளே இரண்டு வன்தட்டுக்கள் உள. வீட்டிலுள்ள கணினிகளும் கைத்தொலைபேசிகளும் வைஃபை வழியாக அதனை அடைந்து கோப்புக்களை வைக்கவும் எடுக்கவும் கூடும். ஒரு தட்டில் எழுதப்படுவது மற்றைத் தட்டிலும் அவ்வண்ணமே எழுதப்படும். ஒன்று பழுதுற்றால் மற்றையது நிற்கும். நம் கரையோரத்தில் இவ்வேற்பாடு ஆடம்பரமன்று. சோழகக் காற்றுக் கொணரும் உப்பு, கதவின் பிணைச்சலைத் தின்பது போலவே கணினியின் செப்புத் தொடுப்புக்களையும் தின்கின்றது. மின்சாரமோ தன் விருப்பம் போல் வந்து போவது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளிற் கிடந்ததை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்றார்கள். 900 மெகாவாற்று வலுவுடைய நம் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் உடன் நின்றது. அதன் புகைபோக்கியை நாடோறும் பார்த்துக்கொண்டே மெழுகுவர்த்தி தேடும் பேறு நம் மாவட்டத்தார்க்கே உரியது.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றால் கோப்பு என்னாகும்? இவ்வினாவுக்கு நல்ல விடை தந்தது இசட்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து விடப்பட்டது. பழையதை அழித்து அதன்மேல் எழுதாமல், புதியதை வேறிடத்தில் முற்ற எழுதி முடித்த பின்னரே, 'இனி இதுவே உரியது' எனச் சுட்டியை மாற்றுவது அதன் இயல்பு. இடையில் மின்சாரம் அற்றாற் பழைய நிலை பழுதின்றி இருக்கும். மேலும், எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருப்பதனால், ஒரு தட்டில் துண்டொன்று கெட்டுப்போயின் அதனைக் கண்டு மற்றைத் தட்டிலிருந்து திருத்திக்கொள்ளும். மாணவர் பார்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கும் ஆசிரியர் தொழிலைத் தட்டே செய்கின்றது என்க.

பல தட்டுக்களை ஒன்றாய்ப் பிணைத்து அமைக்கும் சேமிப்பிடத்தை ஆங்கிலத்தில் 'பூல்' என்பர். யாம் குளம் என்றே கூறுவோம். பல வாய்க்கால் நீரையும் ஓரிடத்தில் தேக்கும் நம் நாட்டுக் குளத்திற்கு அப்பெயர் பொருந்தாமற் போகாது. குளம் என்னும் இச்சொல்லை நினைவிற் கொள்க. இடர் வந்தது அதன் வழியாகவே.

இத்தகைய பெட்டிகளை இயக்கும் மென்பொருள்கள் பல. அவற்றுள் ஒன்று, பிரான்சு நாட்டவரான ஒலிவியே கோஷார்-லாபே 2005இல் தொடங்கிய பிரீநாஸ். 2020இல் அது ட்ரூநாஸ் எனப் பெயர் மாறிற்று. 2022 முதல் வந்த அதன் லினக்ஸ் வழிப் பதிப்புக்களுக்கு ஆங்கில அகரவரிசையில் மீன்களின் பெயரிட்டனர்: ஏஞ்சல்பிஷ், புளூபின், கோபியா, டிராகன்பிஷ் என. இவற்றுட் கோபியா என்பது நம்மவர் கடல்விரால் என்னும் மீனே. அமெரிக்க நாட்டு நிரலாளர் கடல்விராலின் பெயரைத் தம் மென்பொருளுக்கு இட்டனர் என்று உடப்பிலே ஒரு சம்மாட்டியாரிடம் கூறினோம். "விலை என்ன?" என்றார். விலையில்லை, இலவசம் என்றதும் எம்மை ஐயத்தோடு நோக்கினார்.

ஒவ்வொரு பதிப்பும் முற்றுப்பெறுவதற்கு முன்னர்ச் சோதனைப் பதிப்பாக வெளிவரும். கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாற் பீட்டா என்று அதனைக் குறிப்பர். நிரலாளர் தம் கணினிகளிற் சோதித்து முடித்ததைப் பிறர் தத்தம் கணினிகளில் இட்டு, பிழை கண்டால் அறிவிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இது நல்லறமே. சோதிப்பார் இல்லையேற் பிழைகள் வெளிப்படா. ஆயின், சோதிப்பவன் பெட்டியில் ஊரார் பொருள் இருத்தலாகாது.

முற்றுப்பெற்றது என வெளியிடப்பட்டதே பின்னர்ச் சோதனைப் பதிப்பாக மாறியதும் உண்டு. 2017 மார்ச்சில் பிரீநாஸின் பத்தாம் பதிப்பு, கொறல் என்னும் பெயரோடு வெளிவந்தது. மாட்டுப்பட்டி என்பது அதன் பொருள். பழைய அமைப்பைப் பெரிதும் மாற்றிப் புதிதாய் எழுதியது. ஆர்வலர் பலர் தம் பெட்டிகளை உடனே மாற்றினர். அடுத்த மாதமே, ஏப்ரலில், அதனை நடத்தும் ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனத்தார், அஃது இனி ஒரு தொழினுட்ப முன்னோட்டமாக மாத்திரமே கொள்ளப்படும் என அறிவித்துவிட்டனர். மாறியோர் பழைய 9.10ஆம் பதிப்புக்குத் திரும்ப வேண்டியவராயினர். நிறுவனத்தார் தம் தவற்றை மறையாது கூறியது பாராட்டுக்குரியதே. ஆனாற் பட்டிக்குட் புகுந்த மாடுகள் பட்ட பாடு வேறு.

மைக்ரோசொப்ற் நிறுவனமும் வீடுகளுக்கென 2007இல் விண்டோஸ் ஹோம் சேர்வர் என ஒன்றை வெளியிட்டது. பல தட்டுக்களை ஒன்றாய்க் காட்டும் வசதி அதன் சிறப்பு. அவ்வசதியோடு பின்னிய ஒரு பிழையாற் சில கோப்புக்கள் சிதைந்தமையும், 2008 யூலையில் அது திருத்தப்பட்டமையும் வரலாறு. அடுத்த பதிப்பு சோதனையில் இருக்கையிலேயே, 2010 நவம்பரில், அவ்வசதி இனி இல்லை என அறிவித்தனர். அதனை நம்பிச் சோதித்து வந்தோர் தம் கோப்புக்களை வேறு வகையில் அடுக்கிக்கொள்ள நேர்ந்தது.

இவை யாவும் எமக்குப் பின்னரே தெரியவந்தன. யாம் கையாண்ட மென்பொருளின் பெயர் வேண்டா, பிழை எம்முடையது. மாணவர் தம் கைத்தொலைபேசியிலேயே பழைய படங்களைப் புரட்டிப் பார்க்கத்தக்க செயலி ஒன்று அதன் புதிய சோதனைப் பதிப்பில் உண்டெனப் படித்தோம். ஒரு சனிக்கிழமை இரவு அதனை இட்டோம். இவ்வகைப் பெட்டிகளிற் பணிசெயல் முறைமை தனியே ஒரு சிறு தட்டில் இருக்கும். புதிய பதிப்பை இடும்போது பழையது அழியாமல் அருகே நிற்கும். வேண்டுமாயிற் கணினி தொடங்கும் வேளையிற் பழையதைத் தெரிந்து திரும்பலாம். இதனை அறிந்திருந்தமையால் எமக்கு அச்சமில்லை. திரும்பும் வழி உண்டென்ற துணிவே எம்மைக் கெடுத்தது எனலாம்.

புதிய பதிப்பு எழுந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு நின்றது: குளத்தை மேம்படுத்தலாம், புதிய வசதிகள் கிடைக்கும் என்று. கீழே ஒரு பொத்தான். அழுத்தினோம். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. இத்துணை விரைவில் முடிவது தீங்காகாது என எண்ணினோம்.

செவ்வாய்க்கிழமை முதல் இடர் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் இயங்கியதும் பெட்டி முழுவதும் உறைந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் மற்றுமொரு மணி நேரம். சரி, பழைய பதிப்புக்குத் திரும்புவோம் எனத் திரும்பினோம். பழையது நன்றாகவே எழுந்தது. ஆனால், 'இக்குளத்தில் யான் அறியாத இயல்புகள் உள' எனக் கூறிக் குளத்தைத் திறக்க மறுத்துவிட்டது.

பாடம் இங்கேதான் இருக்கின்றது. மென்பொருள் வேறு, குளத்தின் அமைப்பு வேறு. மென்பொருளைப் பின்னோக்கி மாற்றலாம். குளத்தை மேம்படுத்தியபின், அதனுள் எழுதப்படும் முறையே மாறக்கூடும். மாறியதைப் பழைய மென்பொருள் படிக்க அறியாது. மேம்படுத்துமுன்னர் 'இந்நிலைக்குத் திரும்புக' என ஓர் அடையாளம் இட்டு வைக்கும் கட்டளை ஒன்று இசட்.எவ்.எஸ்.இல் உண்டு. அதன் வழித் திரும்பினால் இடையில் எழுதியன யாவும் போகும். எனினும் வழி உண்டு. யாம் அதனை இட்டு வைக்கவில்லை. அமைவுகளின் கோப்பையும் வேறிடத்திற் பதித்து வைக்கவில்லை.

தட்டுக்கள் இரண்டும் நலமாகவே இருந்தன. ஓரெழுத்தும் அழியவில்லை. படிப்பார்தாம் இல்லை. தமிழர்க்கு இந்நிலை புதிதன்று. 1990களில் நம் கல்லூரி வெளியீடுகளுக்குப் பாமினி எழுத்துருவிற் தட்டச்சு செய்த கோப்புக்களை இன்று அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துக்கள் சிதறிக் கிடக்க, மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெங்கும் அரைப்புள்ளி நிற்கும். பாமினி முதலியவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றும் நிரல்கள் இருப்பதனாலன்றோ அக்கோப்புக்கள் பிழைத்தன?

எம் பழைய மாணவர் ஒருவர் சிலாபத்திற் கணினித் தொழில் செய்பவர். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டபின், "ஏன் சேர் அதை அமத்தினீங்கள்?" என்றார். வகுப்பில் அவரிடம் யாம் கேட்ட 'ஏன்'கள் அனைத்துக்கும் ஒருங்கே விடை தந்தது போலிருந்தது. பின்னர் வழி கூறினார்: சோதனைப் பதிப்பையே மீண்டும் எழுப்புக; கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் இயன்றதை வெளித்தட்டுக்கு எடுக்குக; எதனை முதலில் எடுப்பது என்பதை மாத்திரம் நீங்கள் முடிவு செய்க.

அம்முடிவு எளிதாக இருக்கவில்லை. பெட்டியில் இருந்தவை: யூபிலிக்கெனத் திரட்டிய 600க்கு மேற்பட்ட புகைப்படங்கள், கல்லூரியின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகங்களின் படங்கள், முன்னைய மலர்கள், மாணவர் உடப்புக் கரையிற் பதிவுசெய்த அம்பாப் பாடல்கள். அம்பா என்பது கரைவலை இழுப்போர் பாடுவது. பாடியவர் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். பதிவுசெய்த மாணவனின் தொலைபேசி அதன் பின்னர் விற்கப்பட்டுவிட்டது. பெரியவரோ, யாம் அப்பொத்தானை அழுத்துவதற்கு ஒரு மாதம் முன்னர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய குரலின் வேறு படி எங்குமில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம்.

ஆகவே அம்பாப் பாடல்கள் முதலாவதாயின. வைஃபை வழியாக அவை ஒவ்வொன்றாய் வர, யாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் இரவில் 14 பதிவுகளுள் 9 வந்தபோது பெட்டி உறைந்தது. எஞ்சிய ஐந்தும் மீண்டும் தொடங்கிய பின்னர் வந்தன. அடுத்துச் சம்பவத் திரட்டு. அதன் மூலத்தாள்களைக் கறையான் பாதி உண்டமையால். பின்னர்ப் புகைப்படங்கள், அவற்றுட் பலவற்றின் மூலம் குடும்பங்களிடம் உண்டு. அச்சிட்ட மலர்களுக்கு இறுதியிடம். எது பிறிதோரிடத்தில் உண்டோ அது பின்னே, எது இல்லையோ அது முன்னே என்ற இம்முறையை எவரும் எமக்குக் கற்பித்ததில்லை. நான்கு இரவுகளில் தானே வந்தது.

ஐந்தாம் நாள் அம்மாணவர் சிலாபத்திலிருந்து நேரில் வந்தார். பெட்டிக்குத் திரையும் விசைப்பலகையும் இணைத்தார். எம்முடையது பழைய தாய்ப்பலகை. அதன் வலையமைப்புப் பகுதியே புதிய பதிப்போடு ஒவ்வாதிருக்கும் என ஊகித்து அதனை அணைத்தார். அதன்பின் பெட்டி உறையவில்லை. வெளித்தட்டைப் பெட்டியிலேயே செருகி, விடியுமுன் எஞ்சிய யாவற்றையும் படியெடுத்து முடித்தார். பின்னர் பழைய பதிப்புக்குத் திரும்பி, குளத்தை அழித்துப் புதிதாய் அமைத்து, எல்லாவற்றையும் திரும்ப நிரப்பினோம். மேம்படுத்திய குளத்தைப் பழைய நிலைக்குக் கொணர எமக்கிருந்த வழி அவ்வொன்றே.

தட்டு இரண்டாயினும் பெட்டி ஒன்றே என்பதையும் அவ்விரவிற் பேசிக்கொண்டோம். தவறாக அழித்தால் இரண்டு தட்டிலும் ஒருங்கே அழியும். தீப்பற்றினால் இரண்டும் எரியும். 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையே மீளா இழப்பாயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தை நம்மவர் போற்றுவதற்கு அந்நினைவும் ஒரு காரணமாகலாம்.

கரைவலை வளைப்போர் வலையோடு கடலுக்குச் செல்லும்போது ஒரு பக்கக் கயிற்றின் நுனியைக் கரையிலுள்ளோர் கையில் விட்டே செல்வர். யாம் இப்போது செய்வதும் அத்தகையதே. மாதத்தின் முதற் சனிக்கிழமையில் எல்லாவற்றையும் ஒரு வெளித்தட்டிற் படியெடுத்து, அதனைப் பெட்டியிலிருந்து கழற்றிச் சிலாபத்திற்கு அனுப்புகின்றோம்; அங்கிருந்து முன்னைய மாதத் தட்டு திரும்பி வரும். படியெடுத்ததில் ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்த்த பின்னரே அனுப்புவோம். திறந்து பாராத படி, படியன்று. சோதனைப் பதிப்புக்களை மாணவர் பழைய கணினியொன்றிற் பயனற்ற கோப்புக்களை இட்டுச் சோதிக்கின்றனர். பிழை கண்டால் ஆங்கிலத்தில் எழுதி அறிவிக்கின்றனர். அவ்வாங்கிலத்தை ஆங்கில ஆசிரியர் திருத்துகின்றார். அதில் யாம் தலையிடுவதில்லை.

எம் பெட்டியிலும் பின்னர் முற்றுப்பெற்ற புதிய பதிப்பை, மூன்று மாதம் பொறுத்து, அமைவுக் கோப்பை வேறிடத்திற் பதித்துவைத்து இட்டோம். நன்றாகவே இயங்குகின்றது. குளத்தை மேம்படுத்தலாம் என்னும் அறிவிப்பு அதன் திரையில் இன்றும் நிற்கின்றது. இன்னும் அழுத்தவில்லை.