ஊர்ப் பெயரைப் பாருங்கள்

எங்கள் டீக்கடையில் இரண்டு பேப்பர் வாங்கிப் போடுகிறேன். அமெரிக்கா நம் நண்பன் என்கிறது ஒன்று. மிரட்டுகிறது என்கிறது மற்றொன்று. எதைத்தான் நம்புவது? – ஒரு வாசகர், கல்லாவி

இரண்டு பேப்பர் வாங்குகிறீர்களே, அதுவே பாதி வைத்தியம்!

தலைப்பை விடுங்கள். செய்தி தொடங்கும் இடத்தில் இருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். 'வாஷிங்டன்' என்றால் பெரும்பாலும் அமெரிக்கா சொன்னது. 'புதுடெல்லி' என்றால் நம் அரசு சொன்னது. 2025 மே 10 நினைவிருக்கிறதா? இந்தியா, பாகிஸ்தான் சண்டையைத் தான் நடுவில் நின்று நிறுத்தியதாக டிரம்ப் அறிவித்தார். அன்று மாலையே நம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி, 'பாகிஸ்தான் ராணுவ அதிகாரி 3.35 மணிக்கு நம் அதிகாரிக்குப் போன் செய்தார், 5 மணி முதல் நிறுத்தம்' என்ற அளவில் முடித்துக்கொண்டார். அமெரிக்கா என்ற பேச்சே இல்லை. எந்த ஊர்ச் செய்தியை மேலே ஏற்றினார்களோ, அதற்கேற்ற தலைப்பு.

அடுத்து, வினைச்சொல். அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ல் நம் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமானது. அதில் 25, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. 'விதித்தது' என்றால் செய்தி. 'அடாவடி' என்றால் ஆசிரியரின் கோபமும் சேர்ந்திருக்கிறது. (நானும் அப்படித் தலைப்பு வைத்தவன்தான்.)

முதல் பக்கம் கொதிக்கும்போது வணிகப் பக்கத்துக்குப் போங்கள், அங்கே சூடு குறைவு. வரி நம்மை எவ்வளவு தொட்டது என்று தெரிய, சனிக்கிழமை ஓசூரிலிருந்து ஊர் திரும்பும் கம்பெனிப் பையன்களிடமும் கேளுங்கள்: "ஓவர்டைம் இருக்கா, நின்னுடுச்சா?"