சதுரங்கப் பொறியும் நிலை மதிப்பீடும்

கணிப்பொறி ஆட்டத்தின் இறுதிவரை எல்லா நகர்த்தல்களையும் ஆராய இயலாது. சில நகர்த்தல்களுக்குப்பின் நின்று, அந்நிலைக்கு ஓர் எண் மதிப்பிட வேண்டும். 1950-இல் அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன், ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 எனக் கொண்டார். ஒரே நெடுவரிசையில் நிற்கும் இரட்டைச் சிப்பாய்க்கு அரைப் புள்ளியைக் கழித்தார். இவ்வரை எவ்வாறு கிடைத்தது? வெறும் தோராயமே, அவரே அதை ஒப்புக்கொண்டார்.

பிற்காலத்தார், முடிவு தெரிந்த பல்லாயிரம் ஆட்டங்களின் நிலைகளைத் திரட்டினர். பொறியின் மதிப்பை 0 முதல் 1 வரையுள்ள வெற்றி வாய்ப்பாக மாற்றி, மெய்யான முடிவுடன் ஒப்பிட்டனர்: வெற்றி 1, சமன் அரை, தோல்வி 0. வேறுபாட்டு வர்க்கங்களின் சராசரி மேலும் குறையாத நிலை வரும்வரை எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தினர்.

ஒன்றை மறத்தலாகாது. பரஸ்பரம் காய்களை வெட்டிக்கொண்டிருக்கும் நிலைகளை இக்கணக்கில் சேர்த்தல் தவறு. ராணி வெட்டுண்டு, பதில் வெட்டு நிகழுமுன் எண்ணினால், சமமான ஆட்டமும் தோல்வியாகவே தோன்றும்.