உட்கூறுகளைச் சார்ந்திருத்தல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: அழைக்க முடிகிற எதையும் பயன்படுத்தலாம்.

உண்மை: லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல்தொகுப்பில், பயன்படுத்துவோர்க்கென ஆவணப்படுத்தப்பட்ட பொது இடைமுகம் ஒருபுறமும், அதனை இயக்குவதற்காக ஆக்கியோர் தமக்கென எழுதிக்கொண்ட உட்கூறுகள் மறுபுறமும் இருக்கின்றன, நிலைத்திருக்கும் என்ற உறுதி முன்னதற்கு மட்டுமே உரியது. பைத்தான் மொழியில் உட்கூறின் பெயரை அடிக்கோட்டுடன் தொடங்குவது மரபேயன்றித் தடையன்று என்பதால், வெளியார் அதனை அழைத்தாலும் மொழி மறுப்பதில்லை. பைத்தான் தொகுப்புகளை நிறுவித் தரும் ‘பிப்’ கட்டளைவரியில் இயக்கும் கருவியாகவே வழங்கப்படுகிறது. ஆயினும் தேவைப்பட்டியலைப் படிக்கும் அதன் உட்செயற்கூற்றைப் பலர் தம் நிறுவல் நிரல்களில் நேரடியாக அழைத்துவந்தனர். 2018 ஏப்ரலில் வெளிவந்த 10ஆம் பதிப்பில் உட்கூறுகள் யாவும் அடிக்கோட்டுப் பெயருடைய பொதியொன்றுக்குள் நகர்த்தப்பட்டபோது, அந்நிரல்கள் இயங்காது நின்றன. இம்மாற்றம் முந்தைய ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டிருந்ததால், ஆக்கியோரைக் குறைகூறுவது நேர்மையாகாது.

நம்பிக்கை: பல்லாண்டு மாறாதது இனியும் மாறாது.

உண்மை: தரவை எழுத்துவடிவாக்கும் பேஸ்64 முறைக்கென ஜாவாவின் ‘சன்’ பொதிகளுள் இருந்த உட்கூறு நெடுங்காலம் பயன்பட்டது, அது நீக்கப்படலாம் என்று தொகுப்பி (நிரலை இயங்குவடிவாக்கும் மென்பொருள்) ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. 2014இல் 8ஆம் பதிப்பு அதற்குப் பொது மாற்றினை வழங்கியது. 2017இல் 9ஆம் பதிப்பு அவ்வுட்கூற்றை நீக்கியது.

நம்பிக்கை: ஆபத்தினைப் பதிப்பெண்ணே காட்டிவிடும்.

உண்மை: பொருள்சார் பதிப்பெண் முறையில் முதல் எண் உயர்வது பொது இடைமுகம் முறியும்போது மட்டுமே, உட்கூறு மாறுவதற்குக் கடைசி எண் உயரும் சிறு திருத்தமே போதும்.

நம்பிக்கை: சில பணிகளுக்கு வேறு வழியே இல்லை.

உண்மை: இது முற்றிலும் பொய்யன்று. நினைவகத்தை நேரடியாகக் கையாளும் ‘அன்சேஃப்’ என்னும் ஜாவா உட்கூற்றுக்கு அக்காலத்தில் முழுமையான மாற்று இல்லாமையால், 9ஆம் பதிப்பும் அதனை விட்டுவைத்தது. அத்தகைய நெருக்கடியில் பொது இடைமுகம் வேண்டுமென ஆக்கியோரிடம் கோருவதும், அதுவரை உட்கூற்றைத் தொடும் வரிகளை ஒரே கோப்புக்குள் அடக்கி, லைப்ரரியின் பதிப்பை மாறாது நிறுத்திவைப்பதும் பொறுப்பான செயல். ஜாவாவில் எழுதுவோர், 8ஆம் பதிப்பு முதல் உடன்வரும் ‘ஜேடெப்ஸ்’ கருவியைத் தம் நிரல்மீது இன்றே இயக்கிப் பார்ப்பாராக. ஜாவாவின் எந்த உட்கூறு எங்கே அழைக்கப்படுகிறது என்பதை அது பட்டியலிட்டுத் தரும்.