ஆர் மென்பொருளும் 32, 64 பிட் சிக்கலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. புள்ளியியல் மாணவர்)

எண்கள் பெருகப் பெருகக் கைக்கணக்கு ஓய்ந்துவிடும். கணிப்பொறியின் துணை வேண்டும். புள்ளியியல் பயிலும் நமக்கு அத்தகைய துணையாக விளங்குவது ‘ஆர்’ என்னும் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் இதனை உருவாக்கினர். 1995 முதல் இது யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமத்துடன் கிடைக்கிறது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத மாணவர்க்கு இது பெரும் பேறு. ஆயினும், சில கணிப்பொறிகளில் இது நாம் விரும்பும் முறையில் தொடங்காமல் வேறு முறையில் தொடங்கிவிடும். அதன் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரையில் காண்போம்.

சிக்கல் யாது?

சிறு கணக்குகள் குறைவின்றி நடக்கும். பெரிய தரவை ஏற்றிக் கணக்கிட்டதும், ‘இத்துணை அளவுள்ள வெக்டருக்கு இடம் ஒதுக்க இயலவில்லை’ என்னும் பொருளில் பிழைச்செய்தி தோன்றும். என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு இச்செய்தி ஒரே நாளில் மூன்று முறை வந்தது. என்னைப் போன்றே அவரும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர். “மெஷின்ல தப்பு இருக்காதுடா, நமக்குத்தான் இந்தப் படிப்பு வரல” என்று சோர்ந்துவிட்டார். அவருடைய கட்டளைகளில் ஒரு பிழையும் இல்லை என்பதே உண்மை. மென்பொருள் 32 பிட் முறையில் தொடங்கியிருந்தது.

காரணம்

தபால்காரரின் குறிப்பேட்டில் கதவு எண் எழுத மூன்று கட்டங்களே உள்ளன எனக் கொள்வோம். 999-க்கு மேற்பட்ட வீடு தெருவில் இருந்தாலும் அவரால் குறிக்க இயலாது. கணிப்பொறி நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் இவ்வாறே ஒரு முகவரி உண்டு. 32 பிட் முறையில் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 429,49,67,296 முகவரிகளே அமையும். இது 4 ஜி.பி. ஆகும். கணிப்பொறியில் 8 ஜி.பி. நினைவகம் இருப்பினும் 32 பிட் ஆர் இந்த எல்லையைத் தாண்டாது.

ஆர் மென்பொருளில் ஒரு தசம எண்ணுக்கு 8 பைட்டுகள் தேவை. 20,000 வரிசையும் 20,000 நிரலும் கொண்ட அணியில் 40 கோடி எண்கள். ஆகவே 320 கோடி பைட்டுகள். கணக்கிடும்போது அதற்கு ஒரு நகல் எடுத்தாலே 4 ஜி.பி. போதாது.

விண்டோஸ் கணிப்பொறிகளுக்கான ஆர், 4.1.3 பதிப்பு வரை இரு முறைகளையும் சேர்த்தே நிறுவும். திரையில் ‘ஐ386’, ‘எக்ஸ்64’ என இரு சின்னங்கள் அருகருகே நிற்கும். முன்னது 1985-இல் வந்த இன்டெல் 80386 செயலியின் பெயரால் அமைந்த 32 பிட் முறை. பின்னது 64 பிட் முறை. இப்பெயர்களின் பொருள் அறியாதவர் எதைத் தொடுவார் என்பது தற்செயலே.

தீர்வு

1. ஆர் தொடங்கியதும் திரையில் வரும் அறிமுக வரிகளில் ‘பிளாட்ஃபார்ம்’ என்ற வரியைப் படிக்கவும். அதன் இறுதியில் 32 பிட் அல்லது 64 பிட் என்று இருக்கும்.

2. 32 பிட் எனில், மூடிவிட்டு ‘எக்ஸ்64’ சின்னத்தின் வழியே திறக்கவும்.

3. ஆர்ஸ்டூடியோ வழியே பணிபுரிவோர் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘குளோபல் ஆப்ஷன்ஸ்’ சென்று, 64 பிட் ஆரைத் தேர்ந்து, மீண்டும் தொடங்கவேண்டும்.

4. ஜாவாவை நாடும் துணைத்தொகுப்புகளுக்கு ஜாவாவும் அதே பிட் முறையில் இருத்தல் வேண்டும். 32 பிட் ஆக்சஸ் இயக்கியின் வழியே தரவு எடுப்போருக்கோ 32 பிட் ஆர்தான் பொருந்தும். ஆகவே எது சரியான முறை என்பது பணியைப் பொறுத்தது.

விண்டோஸே 32 பிட் ஆயின் 64 பிட் ஆர் அதில் இயங்காது. மேலும், 64 பிட் முறை முகவரிகளைப் பெருக்குமேயன்றி நினைவகத்தைப் பெருக்காது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்றைய நிலை

2022 ஏப்ரலில் வெளியான 4.2.0 பதிப்பு முதல் விண்டோஸுக்கான 32 பிட் ஆர் கைவிடப்பட்டது. பழைய பதிப்பு உள்ள ஆய்வகங்களில் மட்டுமே இச்சிக்கல் எஞ்சியுள்ளது. ஆனால் ஆப்பிளின் எம்1 செயலி 2020-இல் வந்தபின் அது வேறு வடிவில் தோன்றிற்று. அக்கணிப்பொறியில் இன்டெலுக்குரிய ஆரை நிறுவினால், ‘ரொசெட்டா’ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளின் துணையால் அது இயங்கும். அங்கும் ‘பிளாட்ஃபார்ம்’ வரியே உண்மையைக் காட்டும்.

வீட்டில் கணிப்பொறி இல்லாத நமக்கு ஆய்வக நேரம் ஒவ்வொரு நிமிடமும் அரியது. ஆகவே நண்பர்களே, செய்முறைப் பதிவேட்டில் நாள், பயிற்சி எண் ஆகியவற்றுடன் ‘பிளாட்ஃபார்ம்’ வரியையும் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு அதே இருக்கையில் அமரப்போகும் தம்பி தங்கையர்க்கும் இதனைச் சொல்லிச் செல்லுங்கள்.