நேபாள யாத்திரைக்கு முன்



வரும் ஐப்பசியில் நேபாளத்திற்கு யாத்திரை செல்லப் பெங்களூர் அன்பர் சிலர் முயன்று வருகின்றனர். டிக்கெட்டு, கம்பளி, செலவுக் கணக்கு இவற்றைப் பற்றியே பேச்சு நிகழ்கின்றது. அவையும் வேண்டியவையே. ஆயினும் சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு மூதாட்டியார் கேட்ட வினாவே இப்பாடத்தை எழுதத் தூண்டிற்று. “அவ்விடத்தார் தலைமுறை தலைமுறையாகச் சாக்கியர்களாமே, ஐயா! நேற்று வந்த நம்மை அவர்கள் என்னவென்று எண்ணுவார்கள்?” என்றார் அவர். ஆலைத்தறியின் அருகே நின்று எழுத்துக் கூட்டிப் படித்த நாம் உடனே விடை பகரவில்லை. படித்து வந்து கூறுவதாகச் சொன்னோம்.

முதலில் வழியைக் கூறிவிடுவோம். நேபாளம் பரப்பில் தமிழ்நாட்டினும் சற்றே பெரியது. பெங்களூரிலிருந்து இரயிலில் கோரக்பூர் சேர ஏறக்குறைய இரண்டு நாட்களாகும். அங்கிருந்து பேருந்தில் சோனௌலி எல்லை. இந்தியருக்கு விசா வேண்டுவதில்லை. பாஸ்போர்ட்டாவது வாக்காளர் அடையாள அட்டையாவது கையிலிருத்தல் வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. பணத்தை நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டு செல்வது நலம். நமது 100 ரூபாய் அங்கே 160 ரூபாயாகும்.

எல்லையைக் கடந்தால் லும்பினி அணித்தே உள்ளது. பகவன் இங்கே பிறந்தாரென்று அசோக மன்னர் நாட்டிய கல்தூண் 1896-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அவ்வூராருக்கு வரியை நீக்கி, விளைவில் எட்டிலொரு பங்கே கொள்வதாக அதில் பொறித்திருக்கின்றார். பக்திக்கு அடையாளமாக ஏழைக் குடியானவனின் வரியைக் குறைத்த அரசரை நாம் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. லும்பினியிலிருந்து காத்மாண்டுக்கு மலைப்பாதையில் ஒரு பகற்பயணம். அந்நகர் சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ளது. இரவுக் குளிர் நம்மூர் மார்கழியினும் மிகும். சுயம்பு ஸ்தூபிக்கு 365 படிகள் உண்டு. முழங்கால் நோயுள்ளோர் பின்புறத்து வண்டிப் பாதையால் செல்லலாம்.

இனி வினாவுக்கு வருவோம். சாக்கியர் என்னும் பெயர் நமக்கும் உரியதே. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயல் வரை பரவிற்று. நம்மவர் அப்பெயரைச் சாதியை உதறுவதற்கு ஏற்றனர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலோ அது ஒரு குலத்தின் பெயர். நேவார் மக்களுள் சாக்கியர், வஜ்ராசாரியர் வீட்டுச் சிறுவர் நான்கு நாட்கள் சீவரம் தரித்துப் பின் இல்லறத்துக்குத் திரும்புவர். அதனால் விகாரையின் உறுப்பினராவர். பிறர் மகன் எத்துணை கற்றவனாயினும் அவ்வுரிமை இல்லை. தகப்பன் வேலை மகனுக்கென்று ஆலைகளில் இருந்த வழக்கத்தை நாமறிவோம்; சங்கமும் அவ்வாறாயிற்று! 1854-ஆம் ஆண்டின் முலுகி ஐன் என்னும் சட்டம் இந்துக்களையும் பௌத்தரையும் ஒரே சாதிப் படிக்கட்டில் நிறுத்தியது. 1963-இல்தான் புதிய சட்டம் வந்தது.

இதைக் கண்டு மனமுடைய வேண்டா. அதே மண்ணில் வேறொரு வரலாறும் உண்டு. பிறப்பைக் கேளாமல் துறவளிக்கும் தேரவாத பிக்குகள் எண்மரை ராணா அரசு 1944-இல் நாடு கடத்தியது. மதம் பரப்பினர், பெண்களைத் துறவில் சேர்த்தனர் என்பன குற்றச்சாட்டுகள். அவர்களுக்காக இலங்கையிலிருந்து நாரத தேரர் 1946-இல் சென்று பரிந்து பேசினார், தடை நீங்கிற்று. சுயம்புக் குன்றிலுள்ள ஆனந்தகுடி விகாரை அம்மரபினருடையது. பாட்டனிலுள்ள பழைய விகாரைகளின் பொன் வேலைப்பாட்டை மரியாதையுடன் காணுங்கள். ஆனந்தகுடிக்கோ ஒரு முழுநாளை ஒதுக்குங்கள் என்பதே நமது யோசனை.

நேற்று வந்தவர் என்பதற்கும் விடை கிடைத்தது. பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14. காத்மாண்டில் கூடிய உலக பௌத்த மாநாட்டில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டு அவர் உரையாற்றியது நவம்பர் 20. முப்பத்தேழு நாள் பௌத்தர் அவர்! பல தேசத்துப் பிக்குகளும் அமர்ந்து கேட்டனர். டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார்.

இதைக் கேட்ட மூதாட்டியார் வாக்காளர் அட்டையைத் தேடியெடுத்துவந்து பெயர் கொடுத்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலியுண்டு. வண்டிப் பாதையைக் குறித்துக்கொண்டோம்.